தெய்வத்திருப் பந்தி

உயிரோடு நடமாடிக்கொண்டிருந்த சொந்தபந்தங்களை ஒரே சொடுக்கில் மேலுலகத்துக்கு அனுப்பிவைத்த என் அருமை மகனுக்கு, பட்டியலில் பெயர் இல்லாத ஒரே காரணத்தால் தப்பிப் பிழைத்திருக்கும் உன் அப்பன் எழுதுவது. நீ நலமா என்று கேட்கமாட்டேன். நான் அனுப்பும் வாட்ஸ்அப்புக்கெல்லாம் நீல டிக் விழுகிறது. ஆகவே கண்ணும் கட்டைவிரலும் நலம். வாய்க்குத்தான் ஏதோ வந்திருக்கிறது. சென்னையில் எவனோ நண்பனின் அறையில் பாயில் மல்லாந்து படுத்து ஃபேன் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருப்பதாக உன் அம்மாவுக்கு உளவு வந்திருக்கிறது. பார், நன்றாகப் பார். நான் இதைக் கும்பகோணத்தில், பித்தளைப் பாத்திரக்கடை மாடியில், உன் கம்ப்யூட்டர் இன்ஸ்டிட்யூட்டில், நீ விட்டுவிட்டு ஓடிய அதே நாற்காலியில் உட்கார்ந்து தட்டிக்கொண்டிருக்கிறேன். ஆமாம், தட்டிக்கொண்டிருக்கிறேன். மகன் விட்டுப்போன சிம்மாசனத்தில் தகப்பன் ஏறி அமர்ந்த விசித்திரம் சோழநாட்டில் இதுதான் முதல் தடவை.

நான் முதன்முதலாக 'அ' தட்டியபோது கீழே கடையில் அண்டாக்கள் அதிர்ந்தன, மகாமகக் குளத்தில் தண்ணீர் ஒரு படி ஏறியது. உனக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த மேடம் ஓடி வந்து, "அய்யா, மெதுவா. இது கீபோர்டு, களத்துல நெல்லு அடிக்கிற எடம் இல்ல" என்றார். என் வேகத்தைப் பற்றி ஊரில் யாரிடமும் கேட்காதே. நான் ஒரு வரி அடித்து முடிப்பதற்குள் குறுவை நட்டு, களை பறித்து, அறுத்து, வைக்கோலும் போர் போட்டுவிடலாம். ஆனால் அடிக்கிறேன். மார்ஜின் வைக்கத் தெரியும், பத்தி பிரிக்கத் தெரியும், எழுத்தைத் தடிமனாக்கத் தெரியும். உன்னைப் பற்றி வரும் இடங்களையெல்லாம் தடிமனாக்கியிருந்தேன். மேடம்தான் கண்ணைக் குத்துகிறது என்று எடுத்துவிட்டார். எனக்குப் பின்னால் உன்னோடு படித்த பெண்கள் நின்றுகொண்டு ஒவ்வொரு எழுத்தாகப் படிக்கிறார்கள். ஆகவே இது பகிரங்கக் கடிதம். ஒரு பெண் இப்போதுதான் சொன்னாள்: "அய்யா, அவரு பாவம், 'சொடுக்கில் அனுப்பிய'ன்னு ஆரம்பிக்காதீங்க." இன்னொருத்தி, "இல்ல இல்ல, அது இருக்கட்டும், அதான் நல்லாருக்கு" என்றாள். ஓட்டெடுப்பில் நீ தோற்றுவிட்டாய். இவர்களுக்குக் கதை முழுசாகத் தெரியாதாம். அதனால் உனக்குத் தெரிந்ததையே உனக்குத் திரும்பச் சொல்லப்போகிறேன். வலித்தால் நல்லதுதான், உயிர் இருக்கிறது என்று அர்த்தம்.

நம் வம்சத்தில் உன் தாத்தா வரைக்கும் விரலுக்கு இருந்த ஒரே எழுத்துவேலை கைநாட்டு வைப்பது. நாற்றைப் பிடித்த விரல், வரப்பைத் தட்டிய விரல், மையில் தோய்ந்து பண்ணைக் கணக்கில் உருண்ட விரல். அப்படிப்பட்ட பரம்பரையில் நீதான் முதல் முதலாக எழுத்தைத் தட்டித் தின்னப் பிறந்தவன். தஞ்சாவூர் ஆபீசில் தற்காலிக டைப்பிஸ்டாக உட்கார்ந்தாய். அரசாங்கக் கம்ப்யூட்டர் பரீட்சையில் பாஸ் பண்ணிச் சான்றிதழ் கொண்டுவந்தால் நாற்காலி நிரந்தரம், இல்லாவிட்டால் வேறு ஆளுக்கு என்று சொல்லிவிட்டார்கள். சாயங்காலம் பஸ் பிடித்து இங்கே வந்து கடிதம் அடித்தாய், டேபிள் போட்டாய், கடைசியில் மெயில் மெர்ஜ் என்ற மகாமந்திரத்தையும் கற்றாய். ஒரே கடிதம், ஊர் முழுக்கப் பெயர், மெஷினே பெயரை மாற்றி மாற்றி அடித்துத் தள்ளும் என்று வீட்டில் வந்து கையை ஆட்டி ஆட்டிச் சொன்னாயே, உன் அம்மா அடுப்பில் பாலைப் பொங்கவிட்டுக்கொண்டு கேட்டாள். அந்தச் சமயம் பார்த்து எனக்கு அறுபது வயசு நிறைந்தது. திருக்கடையூரில் மணிவிழா. பத்திரிகையைப் பிரஸ்ஸில் அடித்தாயிற்று. "கவருக்கு மேல பேரு ஒட்டுறது என் பொறுப்புப்பா. பரீட்சைக்கும் பழகுன மாதிரி ஆச்சு" என்றாய். உலகத்தில் பல ராஜ்யங்கள் இப்படி ஒரு வாக்கியத்தில்தான் அழிந்திருக்கின்றன.

நான் ஈஸிசேரில் சாய்ந்து பெயர்களைச் சொன்னேன், நீ டேபிளில் ஏற்றினாய். முதல் கட்டத்தில் அடைமொழி, இரண்டாவதில் பெயர், மூன்றாவதில் ஊர். உயிரோடு இருக்கிறவருக்கு 'திரு.' குடும்பத் தலைவர் காலமாகியிருந்தாலும் அந்த வீடு அவர் பெயரில்தானே நிற்கிறது. அங்கே 'தெய்வத்திரு' என்று போடுவதுதான் நம் பக்கத்து மரியாதை. யாராக இருந்தாலும் பெயருக்குப் பின்னால் 'குடும்பத்தார்' உண்டு. தூரத்து உறவை முதலில் சொன்னேன், தெருக்காரர்களை நடுவில் சொன்னேன், நேரில் தாம்பாளத்தோடு போய் வைக்கவேண்டிய நெருங்கிய சொந்தங்களைக் கடைசியில் சொன்னேன். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. அதற்கப்புறம் உனக்கு அழகுணர்ச்சி வந்தது. 'தெய்வத்திரு' அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிக் கிடப்பது பிடிக்கவில்லை. மேடம் சொல்லிக்கொடுத்த வரிசைப்படுத்தும் வித்தையை எடுத்தாய். அடைமொழிக் கட்டத்தை மட்டும் பிடித்து அகரவரிசையில் அடுக்கு என்று மெஷினுக்கு உத்தரவு போட்டாய். மெஷின் விசுவாசமான நாய். பெயர்களை நின்ற இடத்தில் நிறுத்திவிட்டு அடைமொழிகளை மட்டும் அடுக்கியது. 'திரு' எல்லாம் மேலே ஏறியது, 'தெய்வத்திரு' எல்லாம் அடியில் போய்ச் சேர்ந்தது. அடியில் யார்? என் கூடப்பிறந்தவர்கள், உன் அம்மாவின் கூடப்பிறந்தவர்கள். மேலே நிம்மதியாகச் செத்துப்போயிருந்தவர்களெல்லாம் எழுந்து உட்கார்ந்தார்கள். கீழே நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களெல்லாம் படுத்துவிட்டார்கள். எமதர்மனே இந்த வேகத்தைப் பார்த்திருந்தால் எருமையை விற்றுவிட்டு ஒரு பிரிண்டர் வாங்கியிருப்பான்.

லேபிளை அடித்தாய், ஒட்டினாய், படித்துப் பார்க்கவில்லை. உன் அம்மா மூலைக்கு மஞ்சள் தடவினாள். மூலையைத்தான் பார்த்தாள், பெயரைப் பார்க்கவில்லை. நான் கண்ணாடி போட்டால் கிழவன் மாதிரித் தெரிகிறேன் என்பதால் எதையுமே பார்க்கவில்லை. ஆகவே குற்றத்தில் ஒரு பங்கு எனக்கும் உண்டு என்று நான் உருகுவேன் என எதிர்பார்க்காதே. தாம்பாளம் சுமக்கிறவனுக்கு ஏது பொறுப்பு. சீர்காழிப் பக்கம் உன் பெரிய மாமா வீட்டுக்குப் போனோம். என் மணிவிழாவுக்குக் கூறைப்புடவையும் பட்டுவேட்டியும் கொண்டுவரவேண்டிய முதல் மரியாதைக்காரர், உன் அம்மாவுக்கு மூத்தவர், கலியபெருமாள். தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, பழம், பூ, நடுவில் கவர். ஏழு தலைமுறை மிடுக்கோடு நீட்டினேன். "மச்சான், நீங்கதான் முன்ன நின்னு நடத்திக் குடுக்கணும்" என்றேன். அவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு இரண்டு கையாலும் வாங்கினார். கவரைப் பார்த்தார். கொஞ்சம் தூரமாகப் பிடித்துப் பார்த்தார். இருமல் வந்தது, இருமி முடித்தார். பிறகு சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு, "என்ன மாப்ள, நம்ம மருமவன்தான் பேரெல்லாம் அடிச்சானா? நல்லா முத்து முத்தா அடிச்சிருக்கான்" என்றார். நான் பெருமையில் ஒரு முழம் உயர்ந்தேன். உன் அத்தை காபி கொண்டுவந்தாள். உயிரோடு இருக்கும் மனிதனிடம் 'தெய்வத்திரு கலியபெருமாள் குடும்பத்தார்' என்று எழுதிய கவரைக் கொடுத்துவிட்டு, அவர் வீட்டுக் காபியையும் குடித்து, சர்க்கரை கம்மி என்று குறையும் சொல்லிவிட்டு வந்தவன் இந்தப் பூமியில் நான் ஒருவன்தான்.

மறுநாளே வெடித்தது. உன் சித்தப்பன் போன் பண்ணினான். "அண்ணே, பத்திரிகை வந்துச்சு, சந்தோசம். என் கருமாதி என்னிக்குன்னு போடலயே, நான் லீவு சொல்லணும்ல?" அப்புறம் ஒவ்வொரு போனாக வந்தது. போன் எடுக்க எடுக்க நீ சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டே போனாய். கீழத்தெரு செல்லம்மா நேரிலேயே வந்துவிட்டாள். புருஷன் போய் வருஷமாகிறது. அவள் கவரில் அவன் 'திரு' ஆகியிருந்தான். வாசலில் நின்றுகொண்டு உன்னைப் பார்த்துக் கேட்டாள், "ஏன் தம்பி, இவரு வர்றாருன்னா நான் நல்ல சேலையாக் கட்டிக்கிட்டு வரணும்ல? எங்க எறங்குறாரு, சொல்லு, நான் பஸ்ஸ்டாண்டுல போய் நிக்கறேன்." சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். போகும்போது முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு போனாள். நீ கொல்லைப்பக்கம் போய் மோட்டார் கொட்டகையில் உட்கார்ந்துகொண்டாய். எல்லோரும் பேசினார்கள், பெரிய மாமா மட்டும் பேசவில்லை. உன் அம்மாவிடம் கேட்டாயாம், "மாமா கவரைப் பாக்கலயோ?" பார்க்கவில்லை என்று நம்பிக்கொண்டாய். அந்த நம்பிக்கையில்தான் விழா அன்றைக்கு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து நின்றாய். அதை நான் மறுக்கவில்லை. வந்தாய்.

திருக்கடையூரில் அன்றைக்கு என்னைப்போல் கிழட்டு மாப்பிள்ளைகள் ஒரு கூட்டம். திரும்பின பக்கமெல்லாம் கலசத் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. காவிரியில் வராத தண்ணீரெல்லாம் அன்றைக்கு என் தலையில் வந்தது. பெரிய மாமா கூறைப்புடவையைத் தாம்பாளத்தில் தூக்கிக்கொண்டு, இரண்டு படிக்கு ஒரு தரம் நின்று மூச்சு வாங்கி வந்து சேர்ந்தார். உன் அம்மா கழுத்தில் மறுபடியும் தாலி கட்டினேன். எல்லாம் முடிந்து மண்டபத்தில் பந்தி. அங்கேதான் உன் சித்தப்பன் எழுந்து நின்றான். "தெய்வத்திருவெல்லாம் இந்தப் பக்கம் வாங்கப்பா! நமக்குத் தனிப் பந்தி!" என்று கூவினான். நீ அடியில் தள்ளிய அத்தனை பேரும், ஆம்பளை பொம்பளை எல்லோரும், சிரித்துக்கொண்டே ஒரே வரிசையில் உட்கார்ந்தார்கள். பெரிய மாமா கடைசி இலைக்கு முந்தின இலை. சாத வாளியோடு நீ வந்தாய். முதல் இலையில் உன் சித்தப்பன். நீ சாதத்தை வைக்கக் குனிந்ததும் அவன் தலையைச் சாய்த்து, "கா... கா..." என்றான். அமாவாசைக்குக் கூரையில் சோறு வைத்துவிட்டு நாம் கூப்பிடுகிற அதே குரல். அடுத்த இலையிலும் "கா..." அதற்கடுத்த இலையிலும். கிட்டத்தட்ட வரிசை முழுக்கக் கத்தியது. எதிர்வரிசையும் சேர்ந்துகொண்டது. சமையல்காரர்கள் கரண்டியோடு வந்து பார்த்தார்கள். உண்மையான காக்கைகள் கோபுரத்தைவிட்டு வந்து மண்டபத்து ஜன்னலில் உட்கார்ந்து, இது எந்த ஊர்க் கிளை என்று விசாரித்தன.

நீ நிற்கவில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன். காது சிவந்து, ஒவ்வொரு இலையாகப் போட்டுக்கொண்டே வந்தாய். ஒரு பருக்கை சிந்தவில்லை. பெரிய மாமா இலைக்கு வந்தாய். அவர் கத்தவில்லை. நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். "ரெண்டு கரண்டி சேத்துப் போடு மருமவனே, ரொம்பத் தூரத்துலேர்ந்து வந்திருக்கேன்" என்றார். உன் மூஞ்சியை அப்போது பார்க்கவேண்டுமே. அவ்வளவு காக்கையும் கொத்தாத இடத்தில் அந்த ஒரு வாக்கியம் கொத்திவிட்டது. வாளியை நடுப்பந்தியில் வைத்தாய். கரண்டியை அதற்குள் போட்டாய். செருப்புக்கூடப் போடாமல் வாசலைத் தாண்டிப் போனாய். அங்கேயிருந்து பஸ், பஸ்ஸிலிருந்து ரயில், ரயிலிலிருந்து சென்னை. நீ பார்க்காததைச் சொல்கிறேன். பெரிய மாமா இலையை விட்டு எழுந்தார். நீ வைத்த வாளியைத் தூக்கினார். கடைசி இலையில் உட்கார்ந்திருந்த உன் பெரிய அத்தைக்கு, என் அக்காவுக்கு, அவர்தான் சாதம் போட்டார். போட்டுவிட்டு வாளியைப் பிடித்துக்கொண்டே நெடுநேரம் இருமினார். செத்தவர் பரிமாறுகிறார் என்று அதற்கும் ஒரு சிரிப்பு எழுந்தது. அந்தச் சிரிப்பில் உரத்த குரல் என்னுடையது. அதற்காக மன்னிப்பு கேட்பேன் என்றுதானே வாயை மூடிக்கொண்டு காத்திருக்கிறாய்? கேட்கமாட்டேன். அது சிரிப்பு வருகிற விஷயம். இப்போது தட்டும்போதுகூட வருகிறது, பின்னால் நிற்கும் பெண்களுக்கும் வருகிறது. ஒன்று மட்டும் சொல்வேன்: எந்த அவமானத்துக்காகவும் வாளியை நடுப்பந்தியில் வைத்துவிட்டுப் போகாதே. உன்னைக் கேலி செய்தவன் இலையில் சாதம் இருந்தது. கேலி செய்யாமல் காத்திருந்தவள் இலைதான் காலியாக இருந்தது.

அப்புறம் மாமா படுத்தார். நான் போய்ப் பார்த்தது ஒரு மத்தியானம். கட்டிலில் தலையணையை முதுகுக்குக் கொடுத்துச் சாய்ந்திருந்தார். பேசினால் மூச்சு வாங்கியது, பேசாமலிருந்தாலும் வாங்கியது. "பய வந்தானா?" என்றார். இல்லை என்றேன். "நான்தான் மாப்ள வெரட்டிட்டேன்" என்றார். "மத்தவனுவ கத்துனானுவ. கத்துறது காதோட போயிடும். நான் வாயத் தொறந்து பேசிப்புட்டேன். வெளையாட்டாத்தான் சொன்னேன். ஆனா அன்னிக்கி மண்டபத்துல நடந்து வந்தப்ப எனக்கு நெசமாவே அம்மாந் தூரமாத்தான் இருந்துச்சு." உன் அத்தை சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். கொஞ்சம் பொறுத்து அவரே சிரித்தார். "கருமாதிப் பத்திரிகைய அவன்தான் அடிக்கணும், பாத்துக்க. பிரஸ்ஸுக்குக் கிரஸ்ஸுக்குக் குடுத்துப்புடாதீங்க. ரொம்ப செரமமான வார்த்தைய ஏற்கெனவே அடிச்சுட்டான். மிச்சத்த வந்து முடிக்கச் சொல்லு." நான், "போங்க மச்சான், நீங்க என் எம்பதாம் கல்யாணத்துக்கும் புடவை கொண்டாரணும்" என்று அளந்தேன். நான் அளப்பது அவருக்குத் தெரியும். என் அளப்புக்கெல்லாம் அவர்தான் ஆயுள் சந்தாதாரர். அன்றைக்கு மட்டும் சிரிக்கவில்லை.

அவர் போனார். உன் அம்மா செய்தி போட்டாள், நீல டிக் விழுந்தது, நீ வரவில்லை. பாடையைத் தூக்குகிறவரைக்கும் உன் அத்தை தெருமுனையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பொறுக்கமுடியாமல் எவனோ சொன்னான், "தம்பி டைப் அடிச்சது பலிச்சிடுச்சுப்பா." இன்னொருவன் தலையாட்டினான். அது உன் காதுக்கும் வந்துவிட்டது என்று உன் அம்மா சொல்கிறாள். அதனால்தான் வரவில்லையாம். நீ அடித்ததால்தான் அவர் போனார் என்று நினைத்துக்கொண்டு ஃபேனைப் பார்க்கிறாயாம். அட என் மகா சக்தி படைத்த மகனே! உன் விரலுக்கு அவ்வளவு வல்லமை இருந்திருந்தால் உன்னைச் சும்மா விட்டிருப்பேனா? என் வரப்பை வருஷத்துக்கு ஒரு சாண் தின்கிற பக்கத்து வயல்காரன் பெயரைத்தான் முதல் வரியில் ஏற்றச் சொல்லியிருப்பேன். ராத்திரியில் என் மடையை அடைத்துத் தன் வயலுக்குத் தண்ணீர் திருப்புகிறவன் இரண்டாவது வரி. மூன்றாவது வரியில் உன் சித்தப்பனை மறுபடியும் போட்டிருப்பேன், இந்த முறை வேண்டுமென்றே. அந்த வரிசை முழுக்க நீ 'தெய்வத்திரு' போட்டாயே, மற்றவர்களெல்லாம் என்ன ஆனார்கள்? உன் சித்தப்பன், மாமாவின் கருமாதி விருந்தில் வடை கேட்டு வாங்கித் தின்பதற்கு இப்போதே பல்லைக் குத்திக்கொண்டிருக்கிறான். உன் பெரிய மாமாவைக் கொண்டுபோனது பீடி. சிறுவயசிலிருந்து ஊதின பீடி, நெஞ்சு முழுக்கக் கரி. பெரிய ஆஸ்பத்திரியில் போன தையிலேயே சொல்லிவிட்டார்கள். எங்களிடம் சொல்லவேண்டாம் என்று அத்தையின் வாயை அடைத்து வைத்திருந்தார். நீ கீபோர்டில் கை வைப்பதற்கு எவ்வளவோ முன்னால் அவர் கிளம்பிவிட்டார். அவர் சாவில் உனக்கு ஒரு துளிப் பங்கும் கிடையாது. அவ்வளவு பெரிய ஆள் இல்லை நீ. உனக்கு நான் தரக்கூடிய ஒரே ஆறுதல் இந்த அவமானம்தான், வாங்கிக்கொள்.

உனக்குக் காது குத்தினபோது அவர் மடியில்தான் உட்காரவைத்தோம். ஆசாரி கம்பியைக் கையில் எடுத்ததுமே திமிறிக்கொண்டு அவர் முன்கையைக் கவ்விவிட்டாய். நான்கு பேர் உன் தாடையைப் பிடித்து இழுத்தோம். முதலைகூட அதற்கு முன்னால் விட்டிருக்கும். அவர் உன்னையும் விடவில்லை, கையையும் உதறவில்லை. இரண்டு காதும் குத்தி முடிகிறவரைக்கும் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார். அந்தத் தழும்பைக் கடைசிவரை வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டுவார்: "எம் மருமவன் முத்திரை." குளிப்பாட்டினபோது நான்தான் தண்ணீர் ஊற்றினேன். முத்திரை அப்படியே இருந்தது. உன்னால் அவருக்கு ஏற்பட்ட ஒரே காயம் அதுதான், அதையும் அவர் நகை மாதிரிப் போட்டுக்கொண்டிருந்தார். நீயானால் ஒரு கவரை நினைத்துக்கொண்டு ஓடி ஒளிகிறாய்.

இப்போது நிலவரம் கேள். அடுத்த வெள்ளிக்கிழமை கருமாதி. பத்திரிகை இன்னும் அடிக்கவில்லை. மாமா மகன் சீர்காழியில் பிரஸ்ஸுக்குக் கொடுக்கப் போனான். உன் அத்தை பையைப் பிடுங்கி உள்ளே வைத்துவிட்டாள். "அவரு யாரு அடிக்கணும்னாரோ அவன்தான் அடிக்கணும். இல்லாட்டி பத்திரிகையே வேணாம்" என்கிறாள். சொந்தக்காரர்கள் போன் பண்ணிக்கொண்டிருக்கிறார்கள். பத்திரிகை இல்லாமல் கருமாதி வைத்தால் பங்காளிகள் வாசலில் நின்று கேட்பார்கள். அத்தை அதற்கும் துணிந்துவிட்டாள். மறுநாள் சனிக்கிழமை உன் பரீட்சை. மேடம் உன் ஹால் டிக்கெட்டை எடுத்து வைத்திருக்கிறார். "பிராக்டிகல்ல மெயில் மெர்ஜ் கண்டிப்பா வரும்ங்க அய்யா. அந்தத் தப்ப இனிமே அவரு ஜென்மத்துக்கும் பண்ணமாட்டாரு. வரச் சொல்லுங்க" என்கிறார். தஞ்சாவூர் ஆபீசில் அதுவரைக்கும் உன் நாற்காலியில் வேறு யாரையும் உட்காரவைக்கவில்லை. ஆக வெள்ளிக்கிழமைக்குள் ஒரு வேலை, சனிக்கிழமை ஒரு வேலை. இரண்டும் ஒரே வேலைதான்.

என்னாலானதை நான் செய்து வைத்திருக்கிறேன். உன் பழைய டேபிளை மேடம் திறந்துகொடுத்தார். நீ என்ன தப்பு செய்தாய் என்று காட்டினார். பந்தியில் எல்லோரும் உட்கார்ந்திருக்கும்போது ஆட்களை அப்படியே வைத்துவிட்டு இலைகளை மட்டும் நகர்த்தியிருக்கிறாய். பத்தியம் இருக்கிறவன் முன்னால் பாயசம் போய் நின்றுவிட்டது. அவ்வளவுதான் விஷயம். இதற்கா சென்னை? முழு டேபிளையும் பிடித்துக்கொண்டு அடுக்கவேண்டும். எதை நகர்த்தினாலும் அதோடு சேர்ந்தவர்களையும் சேர்த்து நகர்த்து. என் அறுபது வயசு ஞானம் மொத்தமும் இந்த ஒரு வரியில் அடக்கம். ஃபிரேம் போட்டு மாட்டிக்கொள். உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகச் சரிசெய்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டேன், கிழவனாகத் தெரிந்தேன், பெண்கள் பார்த்தார்கள், போகட்டும். உன் சித்தப்பனுக்கு உயிர் கொடுத்தேன். என் அக்காவுக்கு உயிர் கொடுத்தேன். செல்லம்மா புருஷனைத் திரும்பவும் தெய்வமாக்கினேன். அதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

பத்திரிகையையும் தனியாகத் தட்டிவிட்டேன். சீர்காழி வட்டம், ஊர், தெரு, நாள், நேரம், இப்படிக்கு இன்னார் இன்னார், எல்லாம் இருக்கிறது. நடுவில் கொட்டை எழுத்தில் 'கலியபெருமாள் அவர்களின் உத்தரகிரியை' என்று இருக்கிறது. பெயருக்கு முன்னால் ஒரு வார்த்தைக்கு இடம் விட்டிருக்கிறேன். அங்கே கர்சர் நின்று துடித்துக்கொண்டிருக்கிறது. மூன்று நாளாக வந்து உட்காருகிறேன். ஊரையே தட்டிவிட்ட இந்த விரல் அந்த ஒரு வார்த்தைக்குப் போகமாட்டேன் என்கிறது. மேடம், "நான் அடிச்சிடட்டுமா அய்யா?" என்று கேட்டார். வேண்டாம், அதற்கு ஆள் இருக்கிறான், அவனுக்கு அது பழக்கமான வார்த்தை என்று சொல்லிவிட்டேன்.

புதன்கிழமை சாயங்காலம் வரைக்கும் அந்த இடத்தைக் காலியாக வைத்திருப்பேன். நீ வரவில்லையென்றால் எனக்குப் பதறாமல் தட்ட வருகிற வார்த்தையைத் தட்டிவிடுவேன். 'திரு' என்று போடுவேன். திரு கலியபெருமாள் அவர்களின் கருமாதிக்கு அனைவரும் வருக. உயிரோடு இருந்தவரை மகன் சாகடித்தான், செத்தவரை அப்பன் உயிரோடு வைத்திருக்கிறான் என்று கொள்ளிடத்துக்கு இக்கரையும் அக்கரையும் சிரிக்கட்டும். அத்தை கையில் அந்தக் கவரைக் கொடுக்கும்போது, செல்லம்மா மாதிரி அவளும் என்னிடம் கேட்பாள், எந்த பஸ்ஸில் வந்து இறங்குகிறார் என்று. பதில் சொல்ல நீ வேண்டும். சேவ் பண்ணிவிட்டு எழுந்திருக்கிறேன், அடுத்த பேட்ச் வந்துவிட்டது.

நாற்காலியைத் துடைத்து வைத்திருக்கிறேன்,
அப்பா